குருவிக்குக் கொடுத்த குரல்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் சுகம்தானே? விடுதிச் சாப்பாட்டையும் மீறி நான் நன்றாகவே இருக்கிறேன்.

நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு ஊராரின் புகாரைக் கேட்பவள் நான், வீட்டுக்கு வந்தும் போனைத் தொடமாட்டேன், ஏதாவது சொல்லவேண்டுமென்றால் உட்கார்ந்து எழுது என்று நீ சட்டம் போட்டாய் அல்லவா? என் வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். டிஜிட்டல் மீடியா படிப்பவள் தபால்தலைக்கு அலைகிறாள் என்று கேலி. அலையட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது.

மூன்றாம் ஆண்டு ஆரம்பித்துவிட்டது. எங்கள் எடிட்டிங் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஏ.சி. குளிரில் எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் மாதிரி இருப்போம். பாதி கணினிகளில் "தொடாதே, ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சீட்டு ஒட்டியிருக்கும். மீதிப் பாதி ஓடாது.

நல்ல செய்தி ஒன்று. நான் செய்த அனிமேஷன் படத்தைத் துறை விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாலு நிமிடப் படம். பெயர் "தயவுசெய்து இணைப்பில் இருங்கள்". ஒரு பெண் தன் வேலையைப் பற்றிப் பேசுகிறாள். குரல் மட்டும்தான். திரையில் அவளுக்குப் பதில் ஒரு நனைந்த குருவி, பழைய டெலிபோனுக்குள் உட்கார்ந்து பேசுகிறது. ஒவ்வொரு இறகையும் நானே வரைந்தேன். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு இரண்டு கை விரல்களாலும் சட்டம் கட்டி, அதன் வழியாக என்னையே பார்த்தார். அவர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான். அதனால்தான் அவருக்கு ஃபிரேம் சார் என்று பெயர்.

அம்மாவிடம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
வாலு


ஆகஸ்ட் 15

அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா முழங்காலை மறந்துவிட்டு இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு முடி கொட்டுவதாகப் போன மாதம் எழுதினாயே, நின்றதா?

உன் கடிதத்தை நான் படிக்க, அம்மா கேட்டாள், அத்தான் சிரித்தார். சித்தப்பா வந்திருந்தார். "படமா? அப்ப கல்யாண வீடியோ எடுக்க வருவாளா?" என்றார். "வருவா, ஆனா உங்களை மட்டும் குருவியா வரைஞ்சிடுவா" என்றேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்படியேதான் இருக்கிறது. நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது. புது நாற்காலியில் சாய முடியாது, சாய்ந்தால் தூங்கிவிடுவோமாம். மனைவியின் ஆபரேஷன் பணத்துக்காகப் போன் செய்யும் அந்தப் பெரியவர் இன்னும் கூப்பிடுகிறார். "நேத்து பேசின பொண்ணுதானே நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? எழுதினால் எனக்கு மறுபடி கோபம் வரும். விடு.

உன் படத்தை எப்போது காட்டுவாய்? பேசுகிற பெண் யார்? உங்கள் கல்லூரியில் வேலை செய்பவளா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். கோபத்தில்தான், காய்ச்சல் இல்லை.

நேற்று துறை விழா. அரங்கம் நிறைந்திருந்தது. என் படம் கடைசி. முடிந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் பெயர்கள் ஓடின. "கருத்து, இயக்கம்" என்று போட்டு ஃபிரேம் சாரின் பெயர். "தயாரிப்பு" என்று துறையின் பெயர். நான் எங்கே? எல்லாம் முடிந்தபிறகு, "உதவிய மாணவர்களுக்கு நன்றி" என்ற வரிக்குக் கீழே, ஆறு பேரில் ஐந்தாவதாக. அந்த ஆறில் ஒருவன் எனக்கு சார்ஜர் கடன் கொடுத்தவன்!

மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"சார், என் படத்துல உங்க பேரு எப்படி வந்தது?"

"உன் படமா? வகுப்புல நான் குடுத்த பயிற்சிதானேம்மா. இது டீம் வேலை. உன் வயசுல பேரு முக்கியமில்ல, கத்துக்கறதுதான் முக்கியம்."

"அப்ப உங்க வயசுல மட்டும் எதுக்கு சார் பேரு?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "கோபத்தையெல்லாம் படத்துல காட்டு" என்று சொல்லிவிட்டு, யாரோ மாலை போடக் கூப்பிட, போய்விட்டார்.

பல்கலைக்கழக இணையதளத்திலும் போட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் பார்க்கிறது, அவரைப் பாராட்டுகிறது. அக்கா, ஒருவருடையதை அவரிடம் கேட்காமல் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஊருக்குக் காட்டுவதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்த பெயர் திருட்டு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே, பயப்படுவாள்.

உன்
வாலு


செப்டம்பர் 18

அன்பு வாலுவுக்கு,

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்து நான் போட்ட சத்தத்தில் அவளே வந்துவிட்டாள். பயப்படவில்லை. "அந்த ஆள் வீடு எங்க இருக்கு?" என்றுதான் கேட்டாள். முழங்காலும் இடுப்பும் போன இடம் தெரியவில்லை.

நீ விடாதே. மேடைக்குப் பின்னால் நின்று கத்துவதில் பயனில்லை. எழுத்தில் கொடு. துறைத் தலைவருக்கு ஒன்று, அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒன்று. நீ வரைந்த குருவிகள் எல்லாம் தேதியோடு கணினியில் இருக்குமே, அதைக் காட்டு. நான் இத்தனை வருடம் புகார்களுக்கு நடுவில் இருப்பவள், சொல்கிறேன், கேள். போனில் புலம்புகிறவரை யாருக்கும் காக்கவைக்கத் தெரியும். எழுதிக் கொடுக்கிறவரைக் காக்கவைக்கப் பயப்படுவார்கள்.

பிள்ளைகள் வயிற்றெரிச்சலில் மாலை போட்டுக்கொள்கிற மனுஷன், என்ன வாத்தியாரோ! வகுப்பில் பயிற்சி கொடுத்தால் படம் அவருடையதாகிவிடுமா? அப்படியென்றால் எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர் வந்து என் சம்பளத்தைக் கேட்கலாமே.

தளத்தில் இருக்கிறது என்கிறாய், முகவரியை எழுதவில்லை. எழுது, பார்க்கிறோம். பேசும் பெண் யாரென்றும் சொல்லவில்லை. அவளையும் உன் பக்கம் சாட்சிக்குக் கூப்பிடேன். அவள் சொன்னால் எடுபடுமே.

தைரியமாக இரு.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கேள்வியைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். அவள் உடம்பும் உன் உடம்பும் நலம் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். இரண்டு மனுக்கள். துறைத் தலைவர் என்னை உட்காரச் சொல்லவே யோசித்தார். "நல்ல மார்க் வாங்கற பொண்ணு நீ. எதுக்கும்மா இந்த வம்பு? சார்தானே நாளைக்கு உனக்கு ஸ்டூடியோவுல வேலைக்குச் சொல்லணும்?" என்றார். சிபாரிசு வேண்டாம், பெயர்தான் வேண்டும் என்றேன். குருவிகளைத் தேதியோடு காட்டினேன். விசாரணைக் குழு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். தனியாகச் சிக்கினால் மட்டும், "எங்க போன வருஷ வேலையையும் இப்படித்தான் எடுத்தார்" என்கிறார்கள். வந்து சொல்லுங்கள் என்றால் பரீட்சை இருக்கிறது என்கிறார்கள். ஃபிரேம் சார் இப்போது என் பக்கம் விரலால் சட்டம் கட்டுவதில்லை. நான் வகுப்பில் இல்லாத மாதிரியே பாடம் எடுக்கிறார்.

படம் வெளிநாட்டுத் திருவிழா ஒன்றுக்குப் போகப்போகிறதாம், அவர் பெயரில்! நினைத்தாலே பற்றி எரிகிறது.

தளம் இப்போது சரியாகத் திறக்கவில்லை. பிறகு அனுப்புகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன்
வாலு


நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையா? வேலை அதிகமா? அத்தானுக்குப் போன் செய்தேன். "எழுதுவா, எழுதுவா" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் ஃபிரிட்ஜ் மோட்டார் சத்தம் கேட்டது. ரிப்பேர் கடையில் இருந்தார் போலிருக்கிறது.

குழு இரண்டு முறை கூடியது. ஃபிரேம் சார், "இந்தப் பெண்ணுக்குத் தொழில்நுட்பம் தெரியும், உயிர் கொடுத்தது நான்" என்றார். குழுவில் இருந்த ஒரு அம்மா மட்டும், "எந்த இடத்தில் உயிர் கொடுத்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டார். சாருக்குக் காட்டத் தெரியவில்லை. படத்தை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, "மொத்தமாகத்தான்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

நீ இருந்திருந்தால் எழுந்து நின்று கேட்டிருப்பாய். பதில் போடு. திட்டியாவது எழுது.

உன்
வாலு


நவம்பர் 16

வாலுவுக்கு,

அம்மா நலம். அத்தான் நலம். நானும் நலம்.

படத்தைப் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறாய். இறகுகள் நிஜம் மாதிரியே இருக்கின்றன.

உன் பெயர் உனக்குக் கிடைக்கட்டும். மழைக்காலம், நனையாதே.

அக்கா


நவம்பர் 24

மைத்துனிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். உன் அக்காவுக்கு இது தெரியாது. எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறாள். மீறுகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் அவளிடம் போனில் பேசிய யாரோ, "நீங்கதானே அந்தக் குருவிப் படத்துல பேசினவங்க? பாவம்மா நீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் இன்னொருவர். மூன்றாம் நாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, படத்தைப் போட்டுக் காட்டினார். உன் படத்தை அவள் முதல்முறை பார்த்தது அங்கேதான், நின்றுகொண்டே. "வாடிக்கையாளரே சலித்துப் போனை வைக்கும்வரை காக்கவைக்கச் சொல்கிறார்கள்" என்று அவள் குரலே சொன்னது. "இது உங்க குரல்தானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அன்றே பையை எடுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. இனி வரவேண்டாம் என்ற தாள் அடுத்த வாரம் வந்தது.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் என்னிடம் அவள் சொன்ன பேச்சு அது. நானும் அங்கேதான் இருந்தேன். நீ பதிவு செய்கிறாய் என்று எனக்கும் தெரியாது.

"அவ பரீட்சை முடியட்டும், இப்ப சொன்னா படிப்பைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றுதான் என் வாயை அடைத்தாள். ஆனால் உன் கடிதம் வரும்போதெல்லாம், "கேட்காம எடுத்துட்டாராம், கேட்காம!" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். பார்க்க முடியவில்லை.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.

உன் அத்தான்


டிசம்பர் 1

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

காரணம் கேட்டால் ஒன்றே ஒன்றுதான். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. அன்றாடச் சத்தங்களைப் பதிவு செய்யச் சொல்லி வகுப்பில் பயிற்சி. பழக்கூடைக்குப் பின்னால் ரெக்கார்டரை வைத்தேன். நீ பேச ஆரம்பித்தாய். அப்படி ஒரு பேச்சை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. அணைக்க மனம் வரவில்லை. முகம் தெரியாதே, பெயர் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்கக் குரலால் வேலை செய்கிறவளுக்குக் குரல்தான் முகம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நேற்று குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. படம் என்னுடையது. பெயரை மாற்றிவிடுகிறார்கள். வெளிநாட்டுத் திருவிழாவுக்கு என் பெயரில் போகிறது. ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ, படிப்பு முடிந்ததும் வா என்கிறது. கேட்கவேண்டிய கேள்வியை இப்போதுதான் கேட்கிறேன். படம் இருக்கலாமா, அக்கா? நீ என்ன சொன்னாலும் சரி.

வாலு


டிசம்பர் 12

வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு. உனக்கும் இருக்காது என்று நம்புகிறேன். சண்டை போட இரண்டு பேருக்கும் தெம்பு வேண்டுமே.

உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "ஒருவருடையதை அவரிடம் கேட்காமல் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஊருக்குக் காட்டுவதற்கு என்ன பெயர்?" அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டு உனக்கே திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தேன். தபால்தலை வீண் என்று விட்டுவிட்டேன்.

வேலை போனதுதான் என் கோபம் என்று நினைக்கிறாய். இல்லை. அந்த வேலை ஒருநாள் போகவேண்டியதுதான். நானே விட்டிருக்கவேண்டியது.

என் கோபம் என்ன தெரியுமா? நான் அழவில்லை!

அன்றைக்கு எனக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் மூக்கை உறிஞ்சிய இடத்திலெல்லாம் நீ வயலினைப் போட்டு இழுத்திருக்கிறாய். குருவியின் கண்ணிலிருந்து சொட்டு விழுகிறது. மேனேஜர் அறையில் நின்று அதைப் பார்த்தபோது, என்னைத் துரத்தப்போகிறார்கள் என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. யார் இந்த அழுமூஞ்சி என்றுதான் பார்த்தேன். நான் அன்றைக்கு மேஜையைத் தட்டினேன். டம்ளர் கவிழ்ந்தது. மேனேஜரை என்ன பெயர் சொல்லித் திட்டினேன் என்று அத்தானுக்கு நினைவிருக்கிறது. "அந்தப் பெரியவரோட இடத்துல எங்கப்பா இருந்திருந்தா நான் போய் அந்த ஆபீஸ் கண்ணாடியை உடைச்சிருப்பேன்" என்றேன். அதெல்லாம் எங்கே? வெட்டிவிட்டாய். உன் சோகத்துக்கு அது ஒத்துவரவில்லை. என்னுடைய கோபத்தை எடுத்து அழுகையாக்கி ஊருக்குக் காட்டிவிட்டாய். ஊரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. கோபப்பட்டிருந்தால் ஒருவராவது அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். பாவம் என்று சொன்னால் வேலை முடிந்தது, இல்லையா?

உன் ஃபிரேம் சார் உன் பெயரைத்தான் எடுத்தார். உன் குருவியை அவர் கிளியாக்கவில்லை.

நான் மட்டும் என்ன குருவியா? அறுபத்தெட்டு கிலோ இருக்கிறேன்.

படம் இருக்கலாமா என்று கேட்டாய். கூடாது. திருவிழாவுக்கும் கூடாது, தளத்திலும் கூடாது. என்ன சொன்னாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். பார்க்கிறேன்.

அக்கா


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க அனுமதி உண்டென்றால், நீயும் அம்மாவும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். நான் சொல்லி நீ நம்பவேண்டாம், அத்தானைத் தேடிப் பார்க்கச் சொல்.

துறைத் தலைவரின் அறையில் குழுவும் இருந்தது, ஃபிரேம் சாரும் இருந்தார். படத்தைத் தளத்திலிருந்து எடுங்கள், திருவிழாவுக்கு அனுப்பாதீர்கள் என்றேன். துறைத் தலைவர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டார்.

"நாலு மாசம் எங்க உயிரை எடுத்தே, பேரு வேணும் பேரு வேணும்னு. பேரு குடுத்தாச்சு. இப்ப படமே வேண்டாமா? விளையாடறியா?"

"குரல் எங்க அக்காவோடது. அவங்களைக் கேக்காம எடுத்துட்டேன். அவங்க வேண்டாங்கறாங்க."

ஃபிரேம் சார் சிரித்தார். நாலு மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து, "பார்த்தியா? எல்லாருமே எடுக்கறவங்கதான். கலைன்னா அப்படித்தான்மா" என்றார். ஏதோ என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டமாதிரி, அன்பாகவே சொன்னார். எனக்கு அவர்மேல் அதுவரை வந்த கோபமெல்லாம், அப்போது வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அக்கா.

"இல்ல சார். நான் திருப்பிக் குடுக்கறேன். நீங்களா இதுவரைக்கும் எதையும் திருப்பிக் குடுத்ததில்ல" என்றேன்.

அன்று கேள்வி கேட்ட அந்தக் குழு அம்மா எழுந்துபோய்த் தானே ஆளைக் கூப்பிட்டுப் படத்தை நீக்கச் சொன்னார். ஸ்டூடியோக்காரர்கள், காட்டுவதற்குப் படம் இல்லாவிட்டால் பேச்சும் இல்லை என்றுவிட்டார்கள். அழுகை வந்தது. பரிதாபமாக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இறுதித் தேர்வுக்கு வேறு படம் ஆரம்பிக்கவேண்டும். இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

வயலின் போட்டது அசிங்கம். எனக்கும் இப்போது கேட்க முடியவில்லை.

வாலு


பிப்ரவரி 20

அன்பு வாலுவுக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்பு இளைத்துவிட்டதாக அம்மா கனவு கண்டாளாம். சாப்பிடுகிறாயா என்று எழுது.

நீ எடுத்துவிட்டதை அத்தான் தேடிப் பார்த்தார், நானும் பார்த்தேன். நம்பாமல் இல்லை, பார்க்கவேண்டும்போல இருந்தது. ஸ்டூடியோ போனதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

இப்போது என் செய்தி. தளத்திலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே உன் படத்தை அந்தப் பெரியவரின் மகள் பார்த்திருக்கிறாள். தன் அப்பாவின் கதை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி வாசலில் நின்று விசாரித்து, எப்படியோ என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தாள். அவள் அம்மாவின் ஆபரேஷனுக்குக் கம்பெனி தரவேண்டியதைத் தராமல் இழுத்தடித்த விவகாரம், காப்பீட்டுப் புகார் மன்றத்தில் இருக்கிறது. "நீங்க வந்து சொல்லணும்" என்றாள். சொன்னேன், போன வாரம்.

படத்தால் நல்லது நடந்ததே என்று நீ குதிக்காதே. நல்லது நடந்தது நான் வாயைத் திறந்ததால்.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்தேன். நம் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான், மேலே ஓட்டை மின்விசிறி. கம்பெனி ஆள் பளபளப்பாக வந்து, யாரையும் காக்கவைக்கும்படி நாங்கள் சொன்னதே இல்லை என்றார். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன். யார் சொன்னது, எந்த அறையில் சொன்னது, காத்திருப்பவர் தானே போனை வைத்தால் அன்று யாருக்குப் பாராட்டு கிடைத்தது, எல்லாம் சொன்னேன். அதிகாரி கையைக் காட்டி, "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, நிதானமா பேசுங்க" என்றார்.

"நான் உணர்ச்சிவசப்படல சார். கோபமா இருக்கேன். ரெண்டும் வேற" என்றேன்.

அறையே திரும்பிப் பார்த்தது. பெரியவர் அப்போதுதான் என் பக்கம் விரலை நீட்டி, "இந்தப் பொண்ணுதான். இந்தக் குரல்தான். தினம் என்னைக் காக்கவெச்சது இவதான்" என்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்மேலும் கோபமாகத்தான் இருந்தார். நியாயம்தானே? ஆமாம், நான்தான் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பெரியவர் கேட்டதைக் கம்பெனி கொடுத்தே ஆகவேண்டும் என்று அங்கேயே உத்தரவாகிவிட்டது. இதேபோல் இழுத்தடித்த மற்றவர்களுடையதையும் பார்க்கப்போகிறார்கள். என் வேலையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காரப்போகிறேன். வருகிறவர்களை முகத்துக்கு நேரே பார்த்துப் பேசலாம்.

உன்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்பாய். தீரவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி தீர நாளாகும், அவசரப்படுத்தாதே.

ஏப்ரலில் அந்த மற்றவர்களுடைய விசாரணை. என்னோடு உட்கார்ந்து போன் எடுத்த மூன்று பேர் சாட்சி சொல்ல வருகிறார்கள். என் தங்கை படம் எடுக்கிறவள், உங்களைப் பற்றி எடுத்தால் சம்மதமா என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கக்கூடாது. அவள் பேசும்போது உன் மைக் அணைந்திருக்கவேண்டும், அவள் சொல்வது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

இதற்கு உன்னால் முடியும் என்றால் வா.

அன்புடன்
அக்கா